ஓபன் டிடிடி: 30 ரயிலைத் தாண்டினா நெல்லை ஜங்ஷன் பூட்டிக்கிடுது, சிக்னல் எங்க தப்பு?

குறுக்குத்துறை:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஓபன் டிடிடிங்கிற போக்குவரத்துக் கணினி ஆட்டத்துல நம்ம சீமையோட உயர வரைபடத்தை 1024-க்கு 1024 கட்டத்துல ஏத்தி, திருநெல்வேலியை நடுவுல வச்சு நாலு பக்கமும் லைன் போட்டிருக்கேன். வடக்க மணியாச்சி வழியா தூத்துக்குடி, மேக்க அம்பாசமுத்திரம் வழியா தென்காசி, கிழக்க திருச்செந்தூர், தெக்க வள்ளியூர் வழியா நாகர்கோவில். தென்காசி லைன் மட்டும் ஒத்தை லைன், மத்த மூணும் இரட்டை. ஜங்ஷன்ல 6 பிளாட்பாரம், ஒவ்வொண்ணும் 5 கட்டம். பயணி ரயில் 5 கட்ட நீளம், நிலக்கரி ரயில் 7 கட்டம்.

20 ரயில் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. 30-ஐத் தாண்டினதும் ஜங்ஷன் அப்படியே பூட்டிக்கிடுது. திருச்செந்தூர் ரயில் பிளாட்பாரத்துக்குக் காத்து நிக்குது, பிளாட்பாரத்துல நிக்கிற ரயில் வெளிய போக முடியாம பாயிண்ட்ல (தடம் பிரியுற இடத்துல) இன்னொரு ரயிலோட வால் கிடக்கு. நுழையுற லைன் எல்லாத்துலயும் பிளாக் சிக்னல் வச்சிருக்கேன். வெளியேறுற லைன்ல பாயிண்ட் முடிஞ்ச அடுத்த கட்டத்துலயே சிக்னல் தொடங்குது, அதுக்குப் பொறவு 2 கட்டத்துக்கு ஒண்ணு.

இது போக, சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவுல ரெண்டு ரயில் நேருக்கு நேர் வந்து நின்னுக்கிடுது. நிலக்கரி ரயில் தூத்துக்குடியில ஏத்தி ஜங்ஷன் வழியா வள்ளியூர் பக்கம் வச்சிருக்க மின் நிலையத்துக்குப் போகுது. பாலம் கட்டி லைனை மேல தூக்கணுமா, இல்ல சிக்னலை மாத்தினாலே போதுமா?

மணியாச்சி லூப்:

மேம்பாலம் இப்ப வேண்டாம். சிக்னலைச் சரி பண்ணாம மேம்பாலம் கட்டினா பூட்டு இடம் மாறும், அவ்வளவுதான்.

சிக்னல்னா "ரயில் இங்க நிக்கலாம்"னு நாம எழுதிக் கொடுக்குற அனுமதி. அது நின்னா அதோட வால் எங்க கிடக்கும்னு ஒவ்வொரு சிக்னலுக்கும் எண்ணிப் பாக்கணும். உங்க வெளியேறும் சிக்னல் பாயிண்ட்ல இருந்து 1 கட்டம். அங்க 7 கட்ட ரயில் நின்னா 6 கட்டம் பாயிண்டுக்குள்ள கிடக்கும். 20 ரயில் ஓடும்போது முன்னால லைன் காலியா இருந்ததால யாரும் அங்க நிக்க வேண்டி வரல, அதனாலதான் இத்தனை நாள் தெரியல. வெளியேறுற நாலு பக்கமும் பாயிண்ட்ல இருந்து முதல் 7 கட்டத்துல இருக்க சிக்னல் எல்லாத்தையும் எடுத்துருங்க. முதல் சிக்னல் பாயிண்டுக்கு அப்புறம் முழுசா 7 கட்டம் இடம் விட்டுத்தான் வரணும். அதுக்கு மேல 2 கட்டத்துக்கு ஒண்ணு இருந்தா தப்பில்ல.

அடுத்து, நுழையுற பக்கத்து பிளாக் சிக்னலை ஒருவழி பாத் சிக்னலா மாத்துங்க. பிளாக் சிக்னலுக்குக் கணக்கு ஒண்ணுதான்: முன்னால இருக்க பிளாக்குல, அதாவது அடுத்த சிக்னல் வரைக்கும் உள்ள தடத்துல, ஒரு ரயில் இருந்தா சிவப்பு. உங்க ஜங்ஷன் முழுக்க ஒரே பிளாக். அதனால திருச்செந்தூர் ரயில் கிழக்கு ஓரத்துல 1-ஆம் பிளாட்பாரத்துக்கு வந்தாலும், அதுக்கும் சம்பந்தமே இல்லாத தென்காசி ரயில் மேக்க நிக்கும். பாத் சிக்னல் தனக்கு வேண்டிய தடத்தை மட்டும் ஒதுக்கிக்கும். தடம் வெட்டிக்காத வரைக்கும் ரெண்டு, மூணு ரயில் ஒரே நேரத்துல நகரும். அதைவிட முக்கியம், அடுத்து நிக்கலாம்ங்கிற இடம் வரைக்கும் தடம் முழுசா கிடைச்சாத்தான் அது கிளம்பும். பாதி வழியில பாயிண்ட் மேல நிக்காது.

பிளாட்பாரம் ரெண்டு பக்கமும் போக வர இருக்கதால, ரெண்டு முனையிலயும் சாதா பாத் சிக்னல் வைங்க, ஒருவழி வேண்டாம். சிக்னலோட முகம் பிளாட்பாரத்துல நிக்கிற ரயிலைப் பாக்கணும். உள்ள வார ரயில் அதோட முதுகுப் பக்கமா வரும், சாதா பாத் சிக்னல் அதை அனுமதிக்கும். ஒருவழி வச்சா உள்ள வரவே வழி இருக்காது.

இன்னொண்ணு உங்க கேள்வியிலேயே இருக்கு. பிளாட்பாரம் 5 கட்டம், நிலக்கரி ரயில் 7 கட்டம். அது ஜங்ஷன்ல ஆர்டர் இல்லாம கடந்து போனாலும், பிளாட்பார முனைச் சிக்னல் சிவப்பா இருந்தா அங்க நிக்கும், 2 கட்டம் வால் பின்னால பாயிண்ட்ல கிடக்கும். வடக்க இருந்து தெக்க பிளாட்பாரம் இல்லாத ரெண்டு லைனை ஓரமா போடுங்க, போக ஒண்ணு, வர ஒண்ணு. இல்லைன்னா பிளாட்பாரத்தையே 7-ஆ நீட்டுங்க. முதலாவதுதான் நல்லது. நிலக்கரிக்கு ஜங்ஷன்ல ஒரு வேலையும் இல்ல.

இடைமுக அமைப்புல ஒதுக்கின தடத்தைக் காட்டுற வசதி இருக்கு, அதை ஆன் பண்ணிருங்க. எந்த ரயில் எதுவரைக்கும் பிடிச்சு வச்சிருக்குன்னு தண்டவாளம் கறுத்துக் காட்டும். இப்ப பூட்டிக் கிடக்கதை அவிழ்க்க, வால் கிடக்குற ரயிலுக்கு முன்னால இருக்க சிக்னலை எடுத்து அதை நகரவிடுங்க, இல்ல திருப்புற பட்டனை அழுத்துங்க. சிவப்பை மீறச் சொல்லுற பட்டன் முன்னால லைன் காலின்னு கண்ணால பாத்த பொறவுதான். ரயில் ரயில்ல மோதினா ரெண்டும் போச்சு.

பொதிகை அடிவாரம்:

ஒத்தை லைனைப் பத்தி நான் சொல்லுதேன். நேருக்கு நேர் நிக்கிறதுக்குக் காரணம், ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல எங்கேயோ இருவழி பிளாக் சிக்னல் வச்சிருப்பீங்க. ஒத்தை லைன்ல ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒரு சிக்னல்கூட இருக்கக் கூடாது. நிஜத்துலயும் கிராசிங்கை, அதாவது எதிரெதிர் ரயில் ஒதுங்கிக் கடக்குறதை, ஸ்டேஷன்லதான் போடுவாங்க, நடுக்காட்டுல இல்ல.

ஒவ்வொரு கிராசிங் ஸ்டேஷன்லயும் ரெண்டு லூப் (ரயில் ஒதுங்கி நிக்கிற தடம்), நேரான நீளம் குறைஞ்சது ரயில் நீளம். இடது லூப் மேக்க போறதுக்கு, வலது லூப் கிழக்க வாரதுக்கு. போற திசையைப் பாத்தா ரயில் எப்பவும் தனக்கு இடதுபக்கம் இருக்கும். ஒவ்வொரு லூப்லயும் ஒரே ஒரு ஒருவழி பாத் சிக்னல், அந்த லூப்பை விட்டு வெளியேறுற முனையில, பாயிண்டுக்கு முந்தின கட்டத்துல. அவ்வளவுதான். சேரன்மகாதேவியில நிக்கிற ரயில் கல்லிடைக்குறிச்சியோட இடது லூப் சிக்னல் வரைக்கும் தடம் ஒதுங்கினாத்தான் நகரும். எதிர்ல ஒண்ணு வந்துக்கிட்டு இருந்தா தடம் கிடைக்காது, லூப்லயே நிக்கும். சிக்னல் இடது பக்கம் தெரியணும்னா அமைப்புல மாத்திக்கலாம். நம்ம ஊர் வழக்கத்துக்குக் கண் பழகினவங்களுக்கு அதுதான் தோது.

லூப் எங்கெங்க? ஸ்டேஷன் இருக்க இடமெல்லாம் போட வேண்டாம். ரெண்டு லூப்புக்கு நடுவுல ஓட்ட நேரம் ஒரே மாதிரி இருக்கணும், அதுதான் கணக்கு. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம் போதும். அம்பாசமுத்திரம் கல்லிடைக்குறிச்சிக்கு ஒட்டினாப்ல இருக்கு, அங்க ஒத்தை பிளாட்பாரமே தாங்கும். ஒரே ஒரு இடைவெளி மட்டும் மத்ததைவிட இரட்டிப்பா இருந்தா, லைனோட கொள்ளளவு முழுக்க அந்த ஒண்ணுதான் தீர்மானிக்கும்.

5 லூப் ஸ்டேஷன், ஒவ்வொண்ணுலயும் 2 இடம், தென்காசியில 3 பிளாட்பாரம்னா மொத்தம் 13 இடம். 13 ரயில் விட்டா ஒண்ணும் அசையாது. 7-க்கு மேல போகாதீங்க. அதுக்கு மேல பயணி இருந்தா ரயிலைக் கூட்டாம நீளத்தைக் கூட்டுங்க, லூப்பும் சேத்து.

ஏத்தம் பத்தி நீங்க கேக்கல, ஆனா கீழக்கடையத்துக்கு மேக்க கட்டாயம் திணறும். ரயில்ல எத்தனை பெட்டி சரிவு மேல இருக்கோ அத்தனைக்கும் எஞ்சின் இழுக்கணும். அடுத்தடுத்து 3 சரிவு வச்சா 5 கட்ட ரயில்ல பாதிக்கு மேல ஏத்தத்துலயே இருக்கும். ஒரு சரிவு, பொறவு குறைஞ்சது 5 கட்டம் சமம், பொறவு அடுத்த சரிவுன்னு பிரிச்சுப் போட்டா எப்பவும் ஒரே சரிவோட பாரம்தான்.

மலையடிவாரம் கரடுமுரடா இருக்கதுக்குக் காரணம் நீங்க ஏத்தின உயர வரைபடம். அகத்தியமலை 1800 மீட்டருக்கு மேல, நெல்லை சமவெளி அதுல முப்பதுல ஒரு பங்குகூட வராது. உச்ச உயரத்தை 30 படியா வச்சா ஒரு படி 60 மீட்டர், சமவெளி தட்டையாவும் அடிவாரம் படிக்கட்டாவும் வந்துரும். படத்தை கிம்ப்ல (படம் திருத்துற மென்பொருள்) திறந்து 2 அல்லது 3 பிக்சல் மங்கலாக்கி ஏத்துங்க. மங்கலாக்கின பொறவு கடலை மறுபடியும் சுத்தக் கறுப்பா நிரப்பணும், மறந்துராதீங்க. சுத்தக் கறுப்பு மட்டும்தான் கடல். துளி சாம்பல் ஏறினாலும் திருச்செந்தூருக்கு வெளிய கடல்ல தரை முளைச்சுரும். ஓடிக்கிட்டிருக்க ஆட்டத்துக்கு இது ஆகாது, அடுத்த மேப்புக்கு.

குறுக்குத்துறை:

ரெண்டு பேருக்கும் நன்றி. வெளியேறும் சிக்னலை எடுத்து, பாத் சிக்னலா மாத்தி, நிலக்கரிக்கு ஓர லைன் போட்டாச்சு. 38 ரயில் ஓடுது, ஜங்ஷன் பூட்டல. ஒத்தை லைனும் சரியாயிட்டு. இப்ப மேலப்பாளையம் பக்கம் தாமிரபரணிப் பாலத்துக்கு முன்னால வரிசை நிக்குது. பாலம் 9 கட்டம். இன்னொண்ணு, தூத்துக்குடியில நிலக்கரி ரயில் 4 சும்மா நிக்குது. கப்பல்ல வந்து இறங்குற கரி ஸ்டேஷன்ல சேரவே மாட்டேங்குது.

மணியாச்சி லூப்:

பாலத்து மேலயும் குகைக்குள்ளயும் சிக்னல் வைக்க முடியாது, அதனால பாலம் முழுக்க ஒரே பிளாக். வெளிய 2 கட்டத்துக்கு ஒரு சிக்னல் இருக்கதால ரயிலுக்கு ரயில் இடைவெளி சுமார் 7 கூட்டல் 2, 9 கட்டம். பாலத்துல 7 கூட்டல் 9, 16 கட்டம். லைன் முழுக்க 9-ல ஓடினாலும் பாலம் 16-லதான் விடும், வரிசை அங்கதான் சேரும்.

ஒவ்வொரு திசைக்கும் பக்கத்துலயே இன்னொரு பாலம் போட்டுப் பிரிங்க. பிரியுற பாயிண்டுக்கும் பாலத்து வாய்ச் சிக்னலுக்கும் நடுவுல 7 கட்டம் விடணும், இல்லைன்னா ஒரு பாலத்துக்குக் காத்து நிக்கிற ரயில் மத்த பாலத்துக்கும் வழியை மறிக்கும். அந்தப் பக்கம் சேருறதுக்கு முன்னாலயும் பாலத்துல இருந்து 7 கட்டம் தள்ளி பாத் சிக்னல். பாத்தீங்களா, மறுபடியும் அதே வால் கணக்குதான். ஆத்துல மணல்திட்டு மாதிரி தரை இருந்தா பாலத்தை ரெண்டா உடைச்சு நடுவுல ஒரு கட்டம் தரையில சிக்னல் வைக்கலாம், செலவு குறைவு. ஜேஜிஆர் பேட்ச் பேக் (இந்த ஆட்டத்தோட மாற்றி எழுதின பதிப்பு) போட்டா பாலத்து மேலயே சிக்னல் வைக்கலாம், ஆனா அதுல சேமிச்ச ஆட்டத்தை மூல ஆட்டத்துல திறக்க முடியாது.

ஹார்பர் லைன்:

கரி சேராததுக்குக் கப்பல் ஆர்டரைப் பாருங்க. வெறும் "மாற்றிவிடு"ன்னு இருந்தா கப்பல் இறக்கின கரியையே திரும்ப ஏத்திக்கிட்டுச் சுரங்கத்துக்குப் போகும். "மாற்றிவிட்டு வெறுமையாகப் போ"ன்னு இருக்கணும். ரயிலுக்கு மின் நிலையத்துல "இறக்கிவிட்டு வெறுமையாகப் போ". துறையும் ரயில் பிளாட்பாரமும் ஒரே ஸ்டேஷனா சேந்திருக்கணும். தள்ளிக் கட்டியிருந்தா கண்ட்ரோல் விசையை அழுத்திக்கிட்டு பிளாட்பாரத்தை வச்சு, வார பட்டியல்ல துறையோட ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்க. கப்பல் கணக்குல காட்டுற மாற்று வருமானம் கையில வார காசு இல்ல, பங்கு மட்டும்தான். காசு கடைசியா இறக்குற ரயில்லதான் வரும்.

மின் நிலையத்தை வள்ளியூர் பக்கம் வச்சது ஆட்டத்துக்குச் சரி. நிஜத்துல தூத்துக்குடி அனல் மின் நிலையம், 210 மெகாவாட் அலகு 5, துறைமுகத்தை ஒட்டியே இருக்கு, கரி கன்வேயர்ல போகுது. ஆட்டத்துல கட்டணம் தூரத்துக்கும் நாளுக்கும்தான், ஒட்டி வச்சா ஒண்ணும் தேறாது.

ரயில் எண்ணிக்கையை வரவைப் பாத்து முடிவு பண்ணணும். 7 கட்ட ரயில்ல 14 வண்டி, 2 எஞ்சின் போக 12 பெட்டி, பெட்டிக்கு 20 டன், 240 டன். சுரங்கம் மாசம் 180 டன், ஸ்டேஷன் மதிப்பீடு (அதுல ஸ்டேஷனுக்கு வந்து சேருற பங்கு) 70 சதவீதம்னா உங்க கைக்கு வாரது 126. ரயில் போய்வர 80 நாள்னா அதுக்குள்ள 336 டன் சேரும், 240-ஆல வகுத்தா 1.4. ரெண்டு ரயில் போதும், உங்ககிட்ட அதுக்கு மேல சும்மாவே 4 நிக்குது.

மதிப்பீட்டைத் தூக்கணும்னா சுரங்கத்துப் பக்கம் பாருங்க. அதுல பெரிய பங்கு கடைசியா ஏத்தி எத்தனை நாள் ஆச்சுங்கிறது: ரயில் ஏத்தினா 7.5 நாளுக்குள்ள இருந்தா 51 சதவீதம், 15-க்குள்ள 37, 30-க்குள்ள 20, 52.5-க்குள்ள 10, அதுக்கு மேல ஒண்ணுமில்ல; கப்பல் ஏத்தினா இந்த நாள் எல்லாம் நாலு மடங்கு. சுரங்கத் துறையில முழு லோடு ஆர்டரோட (நிறையுற வரைக்கும் நில்லுங்கிற ஆர்டர்) ஒரு கப்பல் எப்பவும் நின்னா அந்த 51 கையில இருக்கும். ஆனா முழு லோடு ஆர்டரைச் சுரங்கத்துலயும் துறைமுகத்துலயும் தவிர வேற எங்கேயும் வைக்காதீங்க. பயணி பிளாட்பாரத்துல ஒரு ரயிலுக்கு அதை வச்சாலும் போதும், நிறையுற வரைக்கும் அது நகராது, மணியாச்சி லூப் சொன்ன சிக்னல் அத்தனையும் சரியா இருந்தும் ஜங்ஷன்ல ஒரு பிளாட்பாரம் குறைஞ்சு போகும்.