புதுப்பிப்பு: பாடசாலை வலையமைப்புக் கேபிள்களுக்கு நிறம் பிரித்தல்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றின் கணினிக் கூடத்தில் ஒரே சாம்பல் நிறத்தில் பின்னிக் கிடந்த பேட்ச் கேபிள்களை (கருவிகளை வலையமைப்புடன் இணைக்கும் நீளம் குறைந்த கேபிள்களை) எவ்வாறு நிறவாரியாகப் பிரிக்கலாம் என்று முன்னர் கேட்டிருந்தேன்; விடுமுறையில் அவ்வேலை முடிந்தது. மாணவர் கணினிகளுக்கு நீலம், அலுவலகத்துக்கு மஞ்சள், வைஃபை கருவிகளுக்குக் கறுப்பு, வெளியிலிருந்து வரும் இணைய இணைப்புக்கு மட்டும் சிவப்பு என வைத்துக்கொண்டோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களிடையே, எந்தப் பாடசாலையிலும் இருக்கக்கூடும் என்பதால் பச்சையைத் தவிர்த்தோம்.

உறையின் நிறத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. அதற்குக் கேட் 5இ, கேட் 6 என்ற தரத்தையும், 100 மீற்றரைத் தாண்டாத மொத்த நீளத்தையுமே பார்க்க வேண்டும். எந்த நிறம் எதற்கு என்று ஈதர்நெட் எனும் கம்பிவழி வலையமைப்புக்கான நியமம் கட்டாயப்படுத்தாததால், எங்கள் நிற அட்டவணையை வலையமைப்புக் கருவிகள் உள்ள ரெக் எனும் அலுமாரியின் கதவிலேயே ஒட்டியிருக்கிறோம். இரு முனைகளிலும் ஒரே இலக்கமிட்ட லேபலும் உண்டு. நிறம் வகையைச் சொல்லுமே தவிர, எந்த மேசை என்று சொல்லாது.

அதிகம் பயன்பட்டது சிவப்புத்தான். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாதப் பிற்பகல்களில் இடிமின்னல் நெருங்குமுன், கணினி தெரியாத ஆசிரியரும் அதை இனங்கண்டு கழற்றிவிடலாம். பழைய சாம்பல் கேபிள்களில் சோதனையில் தேறியவற்றைத் தற்காலிகத் தேவைகளுக்கென ஒதுக்கியுள்ளோம்.