மெமரி கார்டு: அட்டைக்குப் பெயர் கிடைத்தது, வேகத்துக்கு என்ன சொல்வோம்?

குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

கேமராவில் போடும் மெமரி கார்டுக்கு நல்ல தமிழ்ச்சொல் கேட்டு நாகப்பட்டினத்துத் தம்பி தொடங்கிய பேச்சை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். நினைவட்டை, சேமிப்பட்டை, நினைவகச் சில்லு, படச்சீட்டு, பத்தாயம் என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. நான் பேராவூரணியில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். ஃபிலிம் ரோல் கழுவிய காலத்திலிருந்து இதே தொழில். தினமும் அந்தக் கார்டைக் கையில் எடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பெயரைப் பொறுத்தவரை எனக்கு நினைவட்டை போதும். நினைவு, அட்டை இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். சேரும்போது உகரம் கெட்டு இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன, வாயில் தடுக்கவில்லை. ‘அட்டை என்றால் நடவு வயலில் காலைக் கவ்வுகிற அட்டைதான் ஞாபகம் வரும்’ என்று வலங்கைமானிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நடவுக்குப் போய்விட்டு வந்து ரேஷன் கடையில் நிற்கிற பெண்கள் குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதானே நிற்கிறார்கள்? ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது நம் காதுக்குப் பழக்கம். இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம்.

மன்னார்குடி ஐயா சொன்ன பத்தாயத்தை மட்டும் அப்படியே தாண்டிப் போக மனம் வரவில்லை. நெல் சேமித்து வைக்கும் பெரிய மரப்பெட்டி அது. எங்கள் தாத்தா வீட்டில் கூடத்தை ஒட்டிய அறையில் ஒன்று இருந்தது. அறுப்பு முடிந்து நெல் வந்ததும் மேலே ஏறி நின்று மூட்டை மூட்டையாகக் கவிழ்ப்பார்கள். எடுக்கும்போது அடியில் ஒரு சாண் அகலத்தில் இருக்கும் சின்னக் கதவைத் தூக்கினால் போதும், நெல் தானாகச் சரிந்து வரும். கொட்டுவது ஆள் மூச்சு வாங்குகிற வேலை, எடுப்பது பிள்ளைகள்கூடச் செய்கிற வேலை. கார்டிலும் இதே கதைதான் நடக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் விரல்நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டைப் பார்த்துப் பத்தாயம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, ஐயா.

சரி, நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான். கடைக்குப் போகிற யாரும் அட்டையின் பெயரில் தடுமாறுவதில்லை. ‘ஒரு கார்டு கொடுங்க’ என்றால் முடிந்தது. தடுமாறுவது அதன் முகத்தில் இருக்கும் எண்களில். கேமராவில் வழக்கமாகப் போடும் எஸ்டி கார்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். 32 மில்லிமீட்டர் உயரம், 24 மில்லிமீட்டர் அகலம். அந்த இடத்துக்குள் 64 ஜிபி (ஜிகாபைட், எவ்வளவு கொள்ளும் என்பது) என்று ஓர் எண். அதைவிடக் கொட்டை எழுத்தில் 100 எம்பி (விநாடிக்கு எத்தனை மெகாபைட் என்பது) என்று இன்னொன்று. ஓரத்தில் பொடியாக, திறந்த வட்டம் போன்ற சி என்ற எழுத்துக்குள் 10, கிண்ணம் போன்ற யு என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3. சில கார்டுகளில் வி என்று போட்டு 30, 60, 90. வாங்குகிறவர் கண் கொட்டை எழுத்துக்குத்தான் போகும். என் கண்ணும் ஒரு தடவை அப்படிப் போனது.

திருவாரூர் ஆழித்தேர். சிங்கப்பூரில் இருக்கும் பெரியவர் ஒருவருக்காக அவருடைய பிள்ளைகள் தேரோட்டத்தை 4கே வீடியோவாக எடுத்துத் தரச் சொன்னார்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை, இனி ஊருக்கு வர முடியாது. ‘தேர் திரும்புறத அப்பா பார்க்கணும்’ என்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் எழுதும். கார்டில் 100 எம்பி என்று போட்டிருந்தது. பொருத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பிப் போனேன்.

96 அடி உயரத் தேர். கீழவீதி முடிந்து தெற்கு வீதிக்குத் திரும்ப வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அருகில் குனிந்து நிற்கிறார்கள். ‘ஆரூரா, தியாகேசா’ என்று கூட்டம் முழங்குகிறது, வடம் இறுகுகிறது. கேமரா திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தேன். அது உச்சியைத் தொட்டதும் பதிவு தானாக நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், சிறிது நேரம் ஓடியது, திரும்பவும் நின்றது. தேர் திரும்பி முடித்தபோது என்னிடம் இருந்தவை துண்டு துண்டான காட்சிகள். அந்தத் துண்டுகளைத்தான் பெரியவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

காரணம் எளிது. கேமரா கேட்ட 100 பிட் கணக்கு, கார்டில் இருந்த 100 பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அப்படியானால் கேமராவுக்கு வேண்டியது விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். கார்டின் 100 அதற்குத் தாராளமாயிற்றே என்று கேட்கலாம். அந்த 100 படிக்கும் வேகம், அதாவது பத்தாயத்தின் அடிக்கதவு. எழுதும்போது ‘இதற்குக் கீழே போகமாட்டேன்’ என்று அந்தக் கார்டு கொடுத்த வாக்கு ஓரத்துப் பொடி எழுத்தில் இருந்தது: வெறும் 10. வேண்டியது 12.5, வாக்கு 10. அதோடு பழைய கல்யாணப் படங்களை முழுக்கத் துடைக்காமல் அதே கார்டில் எடுத்தேன், அது இன்னும் இழுத்துவிட்டது. இந்த வகை நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும், அழிப்பதும் பாத்தி பாத்தியாகத்தான். பாத்தியில் பாதி பழைய படம் இருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அழிக்க முடியும். அந்த நேரமெல்லாம் எழுதும் வேகத்தில் கழிந்துபோகும். (பாத்தி என்ற சொல்லை இங்கே தற்செயலாக எழுதினேன். அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே பொருந்துகிறது.)

ஆகவே நமக்கு முதலில் வேண்டிய சொல் இந்த வாக்குக்கான சொல். எழுதும்போது குறைந்தது இவ்வளவாவது கிடைக்கும் என்கிற அந்த வேகத்துக்கு. ‘குறைந்தபட்ச நிலையான எழுதும் வேகம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். பொருளில் குற்றமில்லை. ஆனால் கடையில் நின்றுகொண்டு யார் இதைக் கேட்பார்கள்?

என் முன்மொழிவு: கடைமடை வேகம்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்க்காலின் கடைசி மடைதான் கடைமடை. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). பாசனத்துக்கு ஜூன் 12 திறப்பது வழக்கம். அன்று முதல் நாளிதழில் தினமும் மூன்று எண்கள் வரும்: இருப்பு எவ்வளவு, வரத்து விநாடிக்கு எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி. எங்கள் பக்கத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் யாரைக் கேட்டாலும் கொள்ளளவு வேறு, விநாடிக் கணக்கு வேறு என்று சொல்வார்கள். ஜிபிக்கும் விநாடிக்கு எத்தனை எம்பி என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதேதான். இவ்வளவு தெளிவாகப் புரிந்து வைத்திருக்கிற மக்களுக்குக் கார்டின் எண் புரியாமல் போனதற்குக் காரணம், அதை அவர்கள் மொழியில் யாரும் சொல்லவில்லை என்பதுதான்.

மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பது பெரிய எழுத்துச் செய்தி. கல்லணைக் கால்வாயின் கடைசியில் இருக்கும் பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்துக்காரர்களுக்கு வேண்டிய கணக்கு வேறு. வழியில் எத்தனை ஏரி நிரம்பி, எத்தனை மதகு திறந்து, மண் எவ்வளவு குடித்து, கடைசி மடைக்கு என்ன வந்து சேர்கிறது? அதைப் பார்த்துத்தான் நாங்கள் நாற்று விடுவோமா வேண்டாமா என்று முடிவு செய்வோம். கார்டு வாங்குகிறவரும் கொட்டை எழுத்து 100ஐ விட்டுவிட்டுக் கடைமடையைக் கேட்க வேண்டும்.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த இன்னொரு வசதியும் இருக்கிறது. எஸ்டி கார்டில் இந்த வாக்கை மூன்று விதமாக அச்சடிக்கிறார்கள். 2006இல் சி வந்தது, அப்புறம் யு வந்தது, 2016இல் வி வந்தது. சி 10, யு 1, வி 10 மூன்றுக்கும் பொருள் ஒன்றே: விநாடிக்கு 10 மெகாபைட். யு 3, வி 30 இரண்டுக்கும் 30. யு 3 என்பதைப் பார்த்து மூன்றுதான் போலிருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு 10ஐ வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும். தமிழில் நமக்கு அந்தச் சிக்கல் எதற்கு? கடைமடை 10, கடைமடை 30, கடைமடை 60 என்று ஒரே வரிசையாகச் சொல்லிவிடலாம். படம் மட்டும் எடுக்கிறவருக்குக் கடைமடை 10 பெரும்பாலும் போதும். நான் எடுத்ததுபோல 4கே எடுப்பவர் கடைமடை 30க்குக் கீழே போகக் கூடாது. என் கேமரா எழுதும் 100 மெகாபிட் வேகத்தில் 64 ஜிபி கார்டு ஏறக்குறைய 85 நிமிடம் தாங்கும்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். டெல்டாவுக்கு வெளியே இந்தச் சொல் புரியாது என்று நேற்றே ஒரு அக்கா தனி மடல் போட்டார். ‘மடை திறந்த வெள்ளம்போல’ என்று சொல்லாத தமிழர் யார், அக்கா? மடை தெரிந்தவருக்குக் கடைமடை தானாக விளங்கும். ‘கடைமடை என்றாலே காய்ந்த வயல், வராத தண்ணீர், அது குறைச் சொல் ஆகிவிட்டது’ என்பது இன்னொருவர் கருத்து. அங்கே பிறந்தவன் சொல்கிறேன், கடைமடை எங்களுக்கு ஓர் உரிமையின் பெயர். ‘கடைமடை வரை தண்ணீர் போக வேண்டும்’ என்று கேட்கும்போது நாங்கள் கேட்பது இந்த வாக்கைத்தான்.

மூன்றாவது எதிர்ப்பு எனக்கே தோன்றியது, அதுதான் வலுவானது. கடைமடை என்பது இடம், நாம் சொல்வது நேரத்தில் வரும் தாழ்வு. வாய்க்காலின் கடைசி முனைக்கும் பதிவின் மிக மெதுவான விநாடிக்கும் ஒப்புமை முழுதாகப் பொருந்தவில்லை. உண்மைதான். ஆனால் கலைச்சொல் எல்லாமே அச்சு மாறாமல் பொருந்தித்தான் பிறக்கிறதா? இந்தக் கார்டுகளின் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா அதை உருவாக்கியபோது, உடன் வேலை பார்த்த ஷோஜி அரிஇசுமி சொன்ன பெயர்தான் ஃபிளாஷ். ஒரே தட்டில் மொத்தமும் அழிந்துபோவது கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தை அவருக்கு நினைவூட்டியதாம். கண்ணெதிரே இருந்த ஒரு பொருளிலிருந்து எடுத்தார், உலகம் ஏற்றுக்கொண்டது. நம் கண்ணெதிரே மடை இருக்கிறது.

மற்ற சொற்களைச் சுருக்கமாக வைக்கிறேன். ஜிபிக்குக் கொள்ளளவு, புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. 64 என்று வாங்கியதைக் கணினி 59.6 என்று காட்டுவது ஏமாற்று அல்ல. ஒருவர் ஆயிரத்தால் அளக்கிறார், இன்னொருவர் 1024ஆல் அளக்கிறார், நெல் அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் மாறினதுபோல. படிக்கும் வேகம், எழுதும் வேகம் இரண்டுக்கும் வினைத்தொகையாகப் படிவேகம், எழுதுவேகம். ஊறுகாய், சுடுசோறு சொல்கிற நாக்குக்கு இவை சிரமமில்லை.

கார்டின் இடது விளிம்பில் நகத்தால் தள்ளும் சின்னத் துண்டுக்குப் பதிவுத்தாழ் என்று சொல்லலாமா? ‘எழுதுதல் தடுப்பு நிலைமாற்றி’ வேண்டாம். அது தாழ்ப்பாள்தான், அதுவும் கார்டைப் பூட்டாத தாழ்ப்பாள். தாழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேமராதான் பார்த்துக்கொண்டு எழுதாமல் விடுகிறது. அது உடைந்து விழுந்துவிட்டால் அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய செல்லோடேப் ஒட்டினால் மறுபடி எழுதும். கேசட்டில் நாகஸ்வரக் கச்சேரி பதிவு செய்தவர்களுக்கு இந்த வித்தை நினைவிருக்கும்.

கடைமடையைக் குழுவுக்கு எழுதும் முன் ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். ஸ்டூடியோவில் உதவிக்கு இருக்கும் பையனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் தஞ்சாவூருக்குப் போகும்போது ‘கடைமடை 30 இருக்கிற கார்டு ஒன்று வாங்கிட்டு வா’ என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் நின்றான். ‘கடைசி வரைக்கும் குறையாம 30 வரணும், அதுதானேண்ணே? எங்க போட்டிருக்கும்?’ என்று கேட்டான். வி என்ற எழுத்தை எழுதிக் காட்டினேன். சரியான கார்டோடு வந்தான்.

இன்னும் ஒன்று எனக்கு அமையவில்லை. கேமரா எடுத்த படம் கார்டுக்குப் போகுமுன் சற்று நேரம் உள்ளே தங்கும் இடம், நாங்கள் பஃபர் என்று சொல்வது. தேரன்று உச்சியைத் தொட்ட அந்தப் பட்டை காட்டியது இதைத்தான். இடைத்தேக்கம் என்று எழுதிப் பார்த்தேன். தேக்கம் என்றால் ஓடாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது, இதுவோ ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விட்டுக்கொண்டே இருப்பது. பொதுப்பணித் துறையில் லஸ்கராக (மதகைத் திறந்து மூடும் பணியாளராக) இருந்து ஓய்வு பெற்ற பாபநாசத்து ஐயா நம் குழுவில் இருக்கிறார். ஐயா, மதகுக்கு முன்னால் தண்ணீர் கொஞ்சம் ஏறி நின்று, அப்புறம் சீராக இறங்குமே, அந்த இடத்துக்கு உங்கள் பக்கத்தில் என்ன பெயர் சொல்வீர்கள்?

அன்புடன்,
பேராவூரணி ஸ்டூடியோக்காரன்