இரைச்சல் மெட்டலிலா, மாஸ்டரிங்கிலா? ‘டெத் மேக்னெட்டிக்’ கேட்டவர்களின் அனுபவங்கள்

மெட்டல் இசைப் பக்கம் புதுசா எட்டிப் பார்க்கிறவங்க வழக்கமா சொல்றது: “ஒரே இரைச்சல், பத்து நிமிஷத்துல தலை வலிக்குது.” மெட்டாலிகாவோட 1991 ஆல்பத்தை இதே ஆட்கள் முழுசா கேட்டுடுவாங்க. அதே குழு 2008 செப்டம்பர்ல வெளியிட்ட ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பத்தைப் போட்டா மூணாவது பாட்டுலயே ஹெட்ஃபோனைக் கழட்டிடுவாங்க.

த்ராஷ்ங்கிற வேகமான மெட்டல் வகையோட பழைய ரசிகர்கள் தூக்கிக் கொண்டாட வேண்டிய ஆல்பம் அது. ரிக் ரூபின் தயாரிப்பு, ஏழெட்டு நிமிஷப் பாட்டுகள், 2003 ஆல்பத்துல காணாமப் போன கிட்டார் ஸோலோக்கள் திரும்ப வந்தாச்சு. பாதிப் பேர் கொண்டாடவும் செஞ்சாங்க. சண்டை வந்தது ஒலியிலதான். சி.டி.யை அளந்தா டி.ஆர். (டைனமிக் ரேஞ்ச்) 3.

* * *

டி.ஆர். என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பாட்டை மூன்று மூன்று விநாடித் துண்டுகளாக வெட்டி, அதிகச் சத்தமான 20 சதவீதத் துண்டுகளின் சராசரிக்கும் உச்சத்துக்கும் எத்தனை டெசிபல் இடைவெளி என்று பார்ப்பது. 3 என்றால் ஸ்னேர் டிரம் அடி எழும்பி நிற்க இடமே இல்லை. எழும்ப முயன்ற இடத்திலெல்லாம் அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரப்பாகக் காதில் விழும்.

இது மாஸ்டரிங்கில், அதாவது கலந்து முடித்த பாட்டை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் கடைசிக் கட்டத்தில், மட்டும் நடந்ததும் அல்ல. தன்னிடம் வரும்போதே மிக்ஸ் (தடங்களைச் சேர்த்த கலவை) நசுங்கித்தான், அதாவது சத்த ஏற்ற இறக்கம் குறைக்கப்பட்டுத்தான், இருந்தது என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்ஸன் ஒரு ரசிகருக்கு எழுதிய மின்னஞ்சல் வெளியே வந்துவிட்டது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ 3’ வீடியோ விளையாட்டுக்கும் போயின. விளையாடுபவர் தப்பாக அடித்தால் கிட்டார் மட்டும் நிற்க வேண்டும், ஆகவே அங்கே கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடங்கள். கடைசிக் கட்ட நசுக்கல் அவற்றின் மேல் விழவில்லை. ரசிகர்கள் அந்தத் தடங்களை உருவிச் சேர்த்துக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. வாசிப்பு அதே வாசிப்பு, ஆனால் டிரம்ஸுக்கு உயிர் இருந்தது.

* * *

வீட்டுலயே சோதிச்சுப் பாருங்க பாஸ், ஆடாசிட்டிங்கிற இலவச ஒலி மென்பொருள் போதும்.

சி.டி.யிலிருந்து எடுத்த வேவ் அல்லது ஃப்ளாக் கோப்புதான் வேணும். எம்.பி.3 வேண்டாம், அதை விரிக்கும்போது உச்சங்கள் இடம் மாறி வெட்டுப்பட்ட தலை பிசிறு பிசிறாத் தெரியும். வியூ மெனுவில ‘ஷோ க்ளிப்பிங்’ போட்டா வெட்டுப்பட்ட இடம் சிவப்புக் கோடா வரும். சிவப்பு இல்லேன்னா சுத்தம்னு நினைச்சிடாதீங்க. நசுக்கின பிறகு அரை டெசிபல் இறக்கி வெச்சிருந்தா ஆடாசிட்டி கண்டுக்காது. நல்லா ஜூம் பண்ணி, அலையோட உச்சி மொட்டை மாடி மாதிரி தட்டையா இருக்கான்னு கண்ணால பாருங்க.

அடுத்தது ஒலிமட்டம். இதை விட்டுட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் சண்டை போடுறாங்க. ரெண்டு பதிப்புல ஒண்ணு ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லும். ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ போய் ரெண்டையும் −20 எல்.யு.எஃப்.எஸ்.க்கு (காதுக்குக் கேட்கிற சராசரிச் சத்தத்தை அளக்கிற அலகு) இறக்குங்க. ஸ்பாட்டிஃபை வெக்கிற −14 ஏன் வேண்டாம்? நசுங்காத பதிப்பை அவ்வளவு ஏத்தினா அதோட உச்சி பூஜ்ஜியத்தைத் தாண்டி, நாமளே வெட்டின மாதிரி ஆயிடும். அப்புறம் ஆம்ப்ளிஃபயர்ல சத்தத்தைக் கூட்டி, ஒரே முப்பது விநாடியை மாத்தி மாத்திக் கேளுங்க. ஃபோன்ல கேட்டா ஈக்வலைசர், அட்மாஸ் மாதிரி ஒலியை மாத்துற வசதி எல்லாத்தையும் அணைச்சிடணும்.

* * *

ஸ்பாட்டிஃபையில் கேட்டுவிட்டு “இப்போ சரியாகிவிட்டது” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சரியாகவில்லை, சத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். −6 எல்.யு.எஃப்.எஸ்.ஸில் இருக்கும் பாட்டை −14-க்குக் கொண்டுவர 8 டெசிபல் இறக்குவார்கள். தட்டையான உச்சி தட்டையாகவே கீழே வரும். நசுக்கிய பாட்டுக்குச் சத்தம் ஒன்றுதான் பலம், அதுவும் போனபின் சூம்பித் தெரிகிறது.

* * *

டி.ஆர். எண்ணைக் கம்பு மாதிரி சுழற்றுபவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. ஜாஸ் 14, மெட்டல் 7, ஆகவே மெட்டல் மட்டம் என்பது அபத்தம். டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டாரில் ஆம்ப்ளிஃபயரே அலையை நசுக்கித்தான் அனுப்புகிறது. அந்த நசுக்கல்தான் அந்த இசையின் நாதம். ஒரு வகைக்குள் ஒப்பிடலாம், வகை தாண்டி ஒப்பிட்டால் தவிலையும் வீணையையும் தராசில் போட்ட கதை.

காதால் பிரித்தறிய வழி இருக்கிறது. கரகரப்பு கிட்டாரில் மட்டும் இருந்தால் அது வேண்டுமென்றே வைத்தது. கிக் டிரம் விழும் அதே நொடியில் குரலும் சிம்பலும் சேர்ந்து கரகரத்தால் அது க்ளிப்பிங்.

இன்னொன்று, எல்.பி. இசைத்தட்டில் டி.ஆர். 10 காட்டுகிறது என்று இரட்டை விலை கொடுக்காதீர்கள். நசுங்கிய மாஸ்டரையே இசைத்தட்டில் வெட்டினாலும், வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் அலையின் கட்டம் (ஃபேஸ்) நகர்ந்து உச்சங்கள் உயரும். எண் 3, 4 கூடிவிடும், இசை அப்படியேதான் இருக்கும்.

* * *

எல்லாப் பழியையும் சத்தத்துக்காக நசுக்குறது மேல போடாதீங்க. மெட்டாலிகாவோட 2003 ஆல்பத்துல தகர டப்பா மாதிரி கேட்கிறது, ஸ்னேருக்கு அடியில இருக்கிற கம்பிகளைத் தளர்த்திட்டு அடிச்சதால. அவங்க 1988 ஆல்பத்துல பேஸ் கிட்டார் கேட்காதது மிக்ஸிங்ல எடுத்த முடிவு. அதுக்கு ஈக்வலைசர்ல 60–100 ஹெர்ட்ஸ ஏத்துறவங்க இருக்காங்க. ஏத்தினா கிக் டிரம்தான் வீங்கும், பேஸ் கிட்டார் வராது.