காற்று ஃபில்டரில் சீசியம்-137 என்று சாஃப்ட்வேர் காட்டுகிறது, நம்பலாமா?

முதுநகர்_முல்லை:
எம்.எஸ்சி. புராஜெக்ட். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் பம்ப் வைத்து ராத்திரி முழுக்கக் காற்றை இழுத்து, அந்த ஃபில்டர் தாளைக் காலையிலேயே புதுச்சேரிக்குக் கொண்டுபோய் லேபில் சோடியம் அயோடைடு டிடெக்டரில் எண்ணினேன். காமா கதிர்களின் ஸ்பெக்ட்ரத்தில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒரு மேடு. உடனே சாஃப்ட்வேர் சீசியம்-137 (அணுப் பிளவில் உண்டாகும் கதிரியக்கப் பொருள்) என்று சிவப்பில் காட்டிவிட்டது. அணுகுண்டுச் சோதனையைக் காற்றை வைத்தே கண்டுபிடிக்கிற நிலையங்களிலும் கணினிதானே முதலில் பார்க்கிறது, அங்கே எப்படி முடிவு செய்கிறார்கள்? கல்பாக்கத்திலிருந்து ஏதாவது வந்துவிட்டதா என்று அம்மா வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வில்லியனூர்_வாத்தியார்:
அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லும்மா. நீ காலையிலேயே எண்ணியதுதான் விஷயம். ராத்திரிக் காற்றில், மண்ணிலிருந்து இயற்கையாகக் கிளம்பும் கதிரியக்க வாயுவான ரேடானிலிருந்து பிறப்பவை நிறைய இருக்கும், அதில் பிஸ்மத்-214 வந்து 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் பலமாக நிற்கும், 665-இலும் சின்னதாக ஒன்று உண்டு. உன் டிடெக்டரில் அந்த இடத்தில் ஒரு மேட்டின் அகலமே 45 வாக்கில் இருக்கும், பிறகு எப்படிப் பிரியும்? ஜெர்மானியம் டிடெக்டரில் அகலம் ஒன்றரை வாக்கில்தான், 662-உம் 665-உம்கூடத் தனித்தனியாகத் தெரியும். 1120, 1764 இரண்டிலும் மேடு இருக்கிறதா பார். இருந்தால் பிஸ்மத் இருக்கிறது. அப்புறம் ஃபில்டரை மூடி வைத்து நாளைக்கு மறுபடி எண்ணு. ரேடான் வகையறா சில மணி நேரத்தில் போய்விடும், சீசியத்துக்கோ அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 30 வருஷம், ஒரு நாளில் குறைந்தது தெரியவே தெரியாது.

கடற்கரைக்_காற்று:
அந்த நிலையங்களிலும் இதே வேலைதான். மணிக்கு 500 கன மீட்டருக்குக் குறையாமல் 24 மணி நேரம் காற்றை இழுத்து, இன்னொரு 24 மணி நேரம் ஃபில்டரைச் சும்மா வைத்து (மண்ணிலுள்ள தோரியம் வழியாக வரும் ஈயம்-212 அடங்கவே இந்தக் காத்திருப்பு, அதன் அரை ஆயுள் 10.6 மணி), அதற்குப் பிறகுதான் 24 மணி நேரம் எண்ணுகிறார்கள். வியன்னாவில் அந்த நிலையங்களின் தரவு மையத்தில் கணினி மேடுகளைப் பிரித்துப் பெயர் வைக்கும், ஆனாலும் ஆள் ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்த பிறகே ஒன்று முதல் ஐந்து வரை நிலை கொடுப்பார்கள். சீசியம் ஒன்று மட்டும் தெரிந்தால் பழைய சோதனைகளின் சாம்பல் மண்ணோடு கிளம்பியதாகவும் இருக்கலாம். புதிய வெடிப்பு என்றால் பேரியம்-140, லாந்தனம்-140, அயோடின்-131 எல்லாம் கூடவே வர வேண்டும்.

உப்பளம்_ராஜா:
நிலத்தடிச் சோதனையில் அவை பெரும்பாலும் பூமிக்குள்ளேயே தங்கிவிடும், செனான் வாயுதான் கசியும். வட கொரியா 2013 பிப்ரவரி 12-இல் வெடித்தது, ஜப்பானில் தகாசாகி நிலையத்தில் செனான்-133, செனான்-131எம் என்ற இரண்டு கதிரியக்க வகைகள் பிடிபட்டது ஏப்ரலில்! இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் அணு எப்போது பிளந்தது என்று கணக்குப் போட்டார்கள். மருத்துவ ஐசோடோப்பு தயாரிக்கும் ஆலைகளும் செனான்-133 விடுவதால் அது மட்டும் இருந்தால் போதாது. சரி, உன் சாஃப்ட்வேரின் லைப்ரரி ஃபைலில் என்னென்ன பெயர் இருக்கிறது? பட்டியலில் இல்லாததை அது சொல்லவே சொல்லாது, கிட்டத்தில் இருப்பதைப் பிடித்து ஒட்டிவிடும்.

முதுநகர்_முல்லை:
திறந்து பார்த்தேன் அண்ணா, சீசியம், கோபால்ட், பேரியம்-133, பொட்டாசியம், அவ்வளவுதான். பிஸ்மத்-214 இல்லவே இல்லை. 1764-இல் மேடும் இருக்கிறது. பிஸ்மத், ஈயம் இரண்டையும் சேர்த்துவிட்டு நாளை சாயங்காலம் அதே தாளை எண்ணி, இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் இங்கேயே போடுகிறேன்.