இண்டியானாவில் செல்லாத கருத்தடைச் சட்டம் வர்ஜீனியாவில் செல்லுபடியானது எப்படி?

கேள்வி:
இண்டியானா 1907இல் கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றமே 1921இல் ரத்து செய்தது. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1927 மே மாதம், ‘பக் எதிர் பெல்’ வழக்கில் வர்ஜீனியாவின் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8–1 என்று ஏற்றுக்கொண்டது. நீதிபதிகளுக்கு யூஜெனிக்ஸ் (‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறுவதைத் தடுத்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்ற கொள்கை) மீது நம்பிக்கை கூடியதா, இல்லை சட்டம் எழுதப்பட்ட விதம் வேறா?

பதில் 1:
எழுதப்பட்ட விதம்தான் முக்கியக் காரணம். வர்ஜீனியாவுக்கு முன்பு இந்தச் சட்டங்கள் மூன்று காரணங்களால் அடிபட்டன. நெவாடாவில் குற்றத்துக்குத் தண்டனையாக விதித்தார்கள். வழக்கத்துக்கு மாறான தண்டனை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. நியூஜெர்சி, மிச்சிகன், நியூயார்க் சட்டங்கள் மனநலம், மனவளர்ச்சிக் குறைபாடு போன்றவற்றுக்கான காப்பகத்தில் இருப்பவர்களை மட்டும் குறிவைத்ததால் சமப் பாதுகாப்பு (சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற விதி) மீறல் என்று விழுந்தன. இண்டியானாவில் மருத்துவர்கள் முடிவெடுத்தாலே போதும். பாதிக்கப்படுபவர் தன் பக்கத்தைச் சொல்ல வழியே இல்லை.

1924ஆம் ஆண்டு வர்ஜீனியா சட்டத்தை எழுதிய வழக்கறிஞர் ஆப்ரி ஸ்ட்ரோட் இந்த ஓட்டைகளை அடைத்தார். யூஜெனிக்ஸ் ஆதரவாளர் ஹாரி லாஃப்லின் 1922இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. காப்பகக் கண்காணிப்பாளர் காரணங்களை எழுதி, உறுதிமொழியோடு சிறப்புக் குழுவிடம் மனு தர வேண்டும். உள்ளிருப்பவருக்கும் பாதுகாவலருக்கும் அறிவிப்பு போக வேண்டும். பாதுகாவலர் இல்லையென்றால் நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். சாட்சியம் முழுவதையும் எழுத்தில் பதிய வேண்டும். குழுவின் உத்தரவுக்கு எதிராக வட்டார நீதிமன்றத்திலும், பிறகு மாநில மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றத்திலும் முறையிடலாம். அறுவை ஆணுக்கு விந்துக்குழாயில், பெண்ணுக்குக் கருக்குழாயில். நோக்கம் தண்டனை அல்ல, நோயாளியின் நலமும் சமூகத்தின் நலமும்.

சமப் பாதுகாப்பு ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. அதை அடைத்தவர் பக் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோம்ஸ்: கருத்தடை செய்து வெளியே அனுப்பினால் காப்பகத்தில் இடம் காலியாகும், அடுத்தவர்கள் உள்ளே வருவார்கள், அப்படியே சமத்துவம் நெருங்கிவரும் என்றார். கட்டாயத் தடுப்பூசியை ஏற்ற கொள்கையே கருக்குழாயை வெட்டுவதையும் தாங்கும் என்று, 1905இன் ஜேக்கப்சன் தீர்ப்பையும் துணைக்கு இழுத்தார். அந்த வழக்கில் ஊசி மறுத்தவருக்கு விதிக்கப்பட்டது வெறும் 5 டாலர் அபராதம்!

பதில் 2:
மேலே உள்ள படிகள் ஏட்டில் சரி. அந்த வழக்கில் கருத்தடைக்கு உள்ளான காப்பகவாசி கேரி பக்குக்கு அவை எப்படி நடந்தன என்பதையும் பார்க்க வேண்டும். அவர் தரப்பு வழக்கறிஞர் இர்விங் வைட்ஹெட், அதே காப்பகத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர். சட்டம் எழுதிய ஸ்ட்ரோடின் நண்பர். தன் தரப்பில் அவர் ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. லாஃப்லின் கேரியை நேரில் பார்க்காமலே, காப்பகம் அனுப்பிய குறிப்புகளை வைத்து எழுத்துச் சாட்சியம் தந்தார். தாய், மகள், பேத்தி என்று ‘மூன்று தலைமுறை’யாக மனவளர்ச்சிக் குறை தொடர்கிறது என்ற வாதத்துக்கு மூன்றாவதாகக் காட்டப்பட்டது கேரியின் கைக்குழந்தை விவியன். குழந்தையின் பார்வை அவ்வளவு இயல்பாக இல்லை என்று ஒரு சமூகப் பணியாளர் சொன்னதுதான் அதற்கு ஆதாரம். அந்தக் குழந்தை பள்ளிக்குப் போய் நன்றாகப் படிக்கும் மாணவர் பட்டியலில் இடம்பிடித்தது. எட்டு வயதில் நோயில் இறந்துபோனது.

அறிவிப்பு தருவது கட்டாயம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் கேரியின் தங்கை டோரிஸிடம் குடல்வால் அறுவை என்று சொல்லித்தான் கருத்தடை செய்தார்கள். அறிவிப்பு தருபவர், மனு போடுபவர், அறுவை செய்பவர் எல்லாம் ஒரே காப்பகம் என்றால் அந்தப் பாதுகாப்புக்கு என்ன மதிப்பு இருக்கும்?

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1942இல் ஸ்கின்னர் வழக்கு இதை ரத்து செய்துவிட்டது என்று படித்தேனே?

பதில் 3:
இல்லை, இந்தத் தவறு நிறைய இடங்களில் வருகிறது. ஸ்கின்னர் வழக்கு ஓக்லஹோமாவின் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது. மூன்று முறை தண்டனை பெற்றவருக்குக் கருத்தடை செய்யலாம். ஆனால் கையாடல் செய்தவருக்கு விலக்கு. கோழி திருடியவருக்குக் கருத்தடை செய்து, பணம் கையாடியவரை விடுவது சமப் பாதுகாப்புக்கு எதிரானது என்று சட்டம் விழுந்தது. பிள்ளை பெறுவது அடிப்படை உரிமை என்றும் நீதிமன்றம் சொன்னது. பக் தீர்ப்பை அது தொடவில்லை. வர்ஜீனியா தன் சட்டத்தை 1974இல்தான் நீக்கியது. பக் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை. 2001இல்கூட ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மேற்கோள் காட்டியிருக்கிறது.