மறு: ஆல்கலினிட்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘காரத்தன்மை’யா, ‘கார இருப்பா’?

வணக்கம் நண்பர்களே,

இழை நீண்டுவிட்டது, அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவளத் தொட்டி (வீட்டில் கடல்நீரில் பவளம் வளர்க்கும் தொட்டி) வைத்திருப்போருக்கான சொற்பட்டியலில் ஆல்கலினிட்டிக்குக் ‘காரத்தன்மை’ வேண்டாம். ‘கார இருப்பு’ என்று வைக்கலாம். ‘காரத்தன்மை’ பிஎச் பக்கமே இருந்துகொள்ளட்டும்.

> பாடநூல்களில் காரத்தன்மை என்றுதானே இருக்கிறது? புழங்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

பாடநூல் அந்த ஒரு சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறது. பிஎச் 7-க்கு மேலே போனால் கரைசல் காரத்தன்மை உடையது என்கிறோம். அது ஒரு நிலை. ஆல்கலினிட்டி அப்படியல்ல, அது ஒரு அளவு. ஒரு லிட்டர் நீரில் உள்ள காரங்களை அமிலம் விட்டுத் தீர்க்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதுதான் கணக்கு. கடல்நீரில் இந்தக் காரங்களில் பெரும்பங்கு பைகார்பனேட், அடுத்தது கார்பனேட், கொஞ்சம் போரேட். சோதனைக் குப்பியில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு நிறம் மாறும்வரை எண்ணுகிறோமே, அந்த நிறமாற்றம் பிஎச் 7-இல் நடப்பதில்லை, 4.5-ஐ ஒட்டித்தான் நடக்கிறது. நடுநிலையைத் தாண்டி வெகுதூரம் போன பிறகும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றால், அளப்பது பிஎச் சொல்லும் ‘தன்மை’யை அல்ல என்பது தெளிவு.

வகுப்பறையில் இந்தக் குழப்பத்தால் யாருக்கும் நட்டமில்லை. தொட்டியில் உண்டு. சன்னல் சாத்திய அறையில் ஆட்கள் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு கூடும். அது நீரில் கரைந்து பிஎச் 8.2-இலிருந்து 7.8-க்குக்கூட இறங்கும். ஆல்கலினிட்டி ஒரு சொட்டுகூட மாறாது. ஏனென்றால் அந்த வாயு கரைந்து ஓர் ஹைட்ரஜன் அயனியைத் தரும்போது கூடவே ஒரு பைகார்பனேட்டையும் தருகிறது, கணக்கு நேராகிவிடும். இதைத் தமிழில் எழுதும் ஒருவர் “இரவில் காரத்தன்மை குறைந்தது” என்பார். படிப்பவர் சரி என்று சோடா உப்பைக் கரைத்து ஊற்றுவார். ஏற்கெனவே 9 பாகையில் (ஆல்கலினிட்டியைச் சொல்லும் ஜெர்மன் அலகு) இருந்தது 13-க்குப் போகும். பம்பிலும் சூடேற்றியிலும் வெள்ளை வெள்ளையாகக் கால்சியம் கார்பனேட் படியும், கால்சியமும் சேர்ந்து இறங்கும். சன்னலைத் திறந்திருந்தால் போதும்.

> அப்படியானால் ‘கார்பனேட் கடினத்தன்மை’ என்றே வைத்துக்கொள்வோம். சோதனைப் பெட்டியிலும் கேஎச் (அதன் ஜெர்மன் சுருக்கம்) என்றுதானே இருக்கிறது?

இது இன்னும் மோசம். கடினத்தன்மை என்பது (இலங்கை நண்பர்களுக்கு வன்மை) கால்சியம், மக்னீசியம் இரண்டையும் பற்றியது. கேஎச் சோதனை இந்த இரண்டில் எதையும் அளப்பதில்லை. கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம், மக்னீசியம் 1290-ஐ ஒட்டி. இவற்றை ஜெர்மன் பாகையில் போட்டால் கடினத்தன்மை 350-ஐத் தாண்டும். அதே நீரில் நம் பெட்டி காட்டும் ‘கடினத்தன்மை’ 7! நன்னீர்க் கொதிகலன் காலத்துப் பெயர் அது. அலகோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அலகை வைத்துக்கொள்வோம், பெயரை விட்டுவிடலாம்.

> ‘அமிலத் தாங்குதிறன்’ அழகாக இருக்கிறதே?

அழகுதான். எனக்கும் பிடித்தது. ஆனால் தாங்கல் கரைசல், தாங்கல் திறன் என்ற சொற்கள் ஏற்கெனவே வேறொன்றுக்கு நிலைத்துவிட்டன. தாங்கல் திறன் என்றால், பிஎச் ஒரு சிறு அளவு நகர எவ்வளவு அமிலமோ காரமோ ஆகும் என்பது; பிஎச் மாறினால் அதுவும் மாறும். ஆல்கலினிட்டி அந்த நீரின் மொத்தக் கையிருப்பு. ஒரு குழப்பத்தை நீக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ‘இருப்பு’ ஏன்? தொட்டி வைத்திருப்பவர் தினமும் செய்வது கணக்கு எழுதும் வேலைதான். பவளம் கூடு கட்டும்போது ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு பைகார்பனேட் செலவாகிறது. அளவில் சொன்னால், லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் போகும்போது ஒரு மில்லிசமானம் (மில்லிஈக்விவலன்ட்) காரம், அதாவது 2.8 பாகை, சேர்ந்து போகும். (கூட்டுக்குள் கொஞ்சம் மக்னீசியமும் நுழைவதால் கால்சியம் செலவு இதைவிடச் சற்றே குறையும்.) இந்த விகிதம் பிடிபட்டால், எதைத் தினமும் அளக்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பவளம் ஒரு நாளில் 1.4 பாகை தின்றால், 7 பாகை வைத்திருப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, சோதனையில் பளிச்சென்று தெரியும். அதே நாளில் கால்சியம் 420-இலிருந்து 410-க்கு வந்திருக்கும்; பல வீட்டுச் சோதனைப் பெட்டிகளின் பிழையே அந்த அளவு இருக்கும். கால்சியம் பெரிய முதல், காரம் சின்ன முதல். முதலில் தீர்வது காரம்தான். “இன்றைய கார இருப்பு 8.1, நாட்செலவு 0.6, வரவு 0.6” என்று எழுதிப் பாருங்கள், விளக்கமே வேண்டாம். ‘காரத்தன்மையின் நாட்செலவு’ என்று எழுதினால் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

வரவு பக்கமும் இதே சொல் நன்றாகவே ஓடுகிறது. சுண்ணாம்பு நீர் கால்சியத்தையும் காரத்தையும் பவளம் தின்னும் அதே விகிதத்தில் தருகிறது. (இதற்குப் புதுச்சொல் தேடாதீர்கள், ஜெர்மன்காரர் சொல்லும் கால்க்வாசருக்கும் அதே பொருள்தான். தெளிந்த நீரின் பிஎச் 12.4 வாக்கில் இருக்கும், மெதுவாகச் சொட்டவிட வேண்டும்.) கால்சியம் ரியாக்டரும் அப்படியே, உள்ளே கார்பன் டை ஆக்சைடு விட்டுப் பழைய பவளத் துண்டுகளைக் கரைப்பதால் விகிதம் தானாக அமையும். இரு கரைசல் முறையில் கால்சியம் குளோரைடு ஒரு புட்டியிலும் சோடியம் கார்பனேட் இன்னொன்றிலும் இருப்பதால், ஒன்றை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டு. ஒரே இடத்தில் இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றினால் பால்போல் திரிந்துவிடும் என்ற தொல்லையும் உண்டு.

> இருப்பு என்றால் இரும்பு என்றும் பொருள். இருப்புப் பாதை என்கிறோமே!

சொல்கிறோம். ஆனால் ‘கையிருப்பு’, ‘நீர் இருப்பு’ என்று படிக்கும்போது யாருக்கும் தண்டவாளம் நினைவுக்கு வருவதில்லை. ‘காரம்’ என்றதும் நாக்கு எரிவதைவிட இது சின்னச் சிக்கல்.

இருப்பு எதிர்மறையில் போகுமா என்ற கேள்விக்கு: போகும். காரங்களைவிட அமிலம் மிஞ்சிய நீரில் ஆல்கலினிட்டி சுழிக்குக் கீழே வரும். கணக்கில் இருப்பு கழிவது போலத்தான்.

இலங்கையிலிருந்து வந்த மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. அங்கே அமிலத்துக்கு எதிரிணை மூலம். காரம் என்றால் நீரில் கரையும் மூலம் மட்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் காரம் பெரிய வகை, அதில் கரைவது எரிகாரம். அந்தக் கணக்கில் அவர்களுக்கு ‘மூல இருப்பு’ என்றால்தான் சரியாகும். ஆனால் பொதுவழக்கில் மூலம் என்றதும் ஊற்று, பிறப்பிடம் (நோயைச் சொல்லவே வேண்டாம்) என்று மனம் ஓடும். பட்டியலில் ‘கார இருப்பு’ தலைச்சொல்லாகவும் ‘மூல இருப்பு’ இணைச்சொல்லாகவும் இருக்கலாம் என்பது என் யோசனை. பேச்சில் ‘ஆல்க்’ என்பவர்கள் அப்படியே சொல்லட்டும், யாரும் தடுக்கவில்லை.

பதிவுக்கு வரைவு:

கார இருப்பு – குறிப்பிட்ட அளவு நீரில் உள்ள, அமிலத்தை ஏற்கும் காரங்களின் மொத்த அளவு. மில்லிசமானம்/லிட்டர் அல்லது ஜெர்மன் பாகையில் சொல்லப்படும்; 1 மில்லிசமானம் = 2.8 பாகை. பவளத் தொட்டியில் வழக்கமாக 7 முதல் 11 பாகை வரை. பிஎச் மதிப்பிலிருந்து வேறானது.

கார்பனேட், பைகார்பனேட் இரண்டின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்லும் இடங்களில் ‘கார்பனேட் கார இருப்பு’ கொஞ்சம் நீளமாகிறது. சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். டோசிங்கிற்கு (இவற்றைத் தொட்டியில் அளந்து சேர்ப்பதற்கு) ‘மருந்தளிப்பு’ என்று வந்த யோசனையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்கு உடன்பாடில்லை; பவளத்துக்கு நோய் ஒன்றுமில்லையே, ‘ஊட்டு’ போதாதா?