ஆட்கள் குறைந்தால் நாட்களும் குறையுமா? ஏழாம் வகுப்புக் கணக்கு குறித்து ஒரு கேள்வி

கேள்வி (மன்னார்குடி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பெருக்கல், வகுத்தல், பின்னம் எதிலும் அவளுக்குத் தடையில்லை. ஆனால் நேர் விகிதம், எதிர் விகிதம் என்ற பாடம் தொடங்கியதிலிருந்து கணக்கு நோட்டைத் திறக்கவே தயங்குகிறாள். நேற்றைய கணக்கு இது: 15 பெண்கள் 4 நாட்களில் நட்டு முடிக்கும் வயலை 10 பெண்கள் எத்தனை நாட்களில் நடுவார்கள்? அவள் 15-க்கு 4 என்றால் 10-க்கு எவ்வளவு என்று எழுதி, 40-ஐ 15-ஆல் வகுத்து, 2⅔ நாட்கள் என்று முடித்திருக்கிறாள். இது தவறு என்று எனக்குத் தெரிகிறது. அவளுக்கு விளங்கும்படி படிப்படியாகச் சொல்லத்தான் தெரியவில்லை.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருவாரூர்)

அம்மா, உங்கள் மகளின் வகுத்தலில் பிழையில்லை. எண்களைப் பிடித்துக்கொண்டு வயலை விட்டுவிட்டாள். பேனாவை எடுக்குமுன் அவளிடம் கேளுங்கள்: நடவுக்கு வர வேண்டிய பதினைந்து பேரில் ஐந்து பேர் வராமல் போனால் வேலை சீக்கிரம் முடியுமா, இழுக்குமா? இழுக்கும் என்று அவளே சொல்வாள். அப்படியானால் விடை 4-ஐ விடப் பெரியது என்று ஓரத்தில் முதலில் எழுதட்டும். 2⅔ வந்தவுடன் அவளுக்கே ஐயம் எழும்.

பிறகு, அந்த வயலுக்கு மொத்தம் எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று பார்க்க வேண்டும். 15 பேர் 4 நாள் நட்டால் 15 × 4 = 60 ஆள்நாள்; அதாவது ஒரே பெண் தனியாக நட்டால் 60 நாள் ஆகும். அதே உழைப்பை 10 பேர் பகிர்ந்துகொண்டால் 60 ÷ 10 = 6 நாட்கள். எதிர் விகிதத்தில் பெருக்கற்பலன் மாறாது என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்த மாறாத எண்தான் இங்கே 60.

மறுமொழி 2 (மாலை வகுப்பு நடத்துபவர், கும்பகோணம்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வழி புரிந்த பிள்ளைகள்கூட 15 × 4 = 60 ÷ 10 = 6 என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். 15 × 4 என்பது 6 ஆகாது. சமக்குறியின் இரு பக்கமும் ஒரே மதிப்பு இருந்தாக வேண்டும். ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுதி, கிடைத்த எண் ஆளா, நாளா, ஆள்நாளா என்று பக்கத்தில் குறிக்கப் பழக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வரவில்லை என்றால் இழுக்கும் என்று சொன்ன நொடியிலேயே பழைய விடையை அவளே அடித்துவிட்டாள். அடுத்த கணக்கில் நிலமும் மாறுகிறது: 15 பேர் 4 நாட்களில் 12 மா நட்டால், 18 மாவை 10 பேர் எத்தனை நாட்களில் நடுவார்கள்?

மறுமொழி 3 (விவசாயி, பாபநாசம்)

மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் மலைப்பு. முதலில் ஒரு மாவுக்கு வாருங்கள். 12 மாவுக்கு 60 ஆள்நாள் என்றால் ஒரு மாவுக்கு 60 ÷ 12 = 5 ஆள்நாள். 18 மாவுக்கு 18 × 5 = 90 ஆள்நாள். 10 பேர் என்றால் 90 ÷ 10 = 9 நாட்கள். நிலம் கூடினால் உழைப்பும் கூடுவது நேர் விகிதம், ஆள் கூடினால் நாள் குறைவது எதிர் விகிதம்; இரண்டும் ஒரே கணக்கில் வந்துவிட்டன.

மா என்றால் என்ன என்று மகள் கேட்டால், பழைய பின்னக் கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு என்றும், வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒரு பங்கு நிலம் என்பதால் அந்தப் பெயர் என்றும் சொல்லுங்கள். நூறு குழி ஒரு மா. 12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி, ஆகவே ஒரு மா 14,400 சதுர அடி. மூன்று மா ஓர் ஏக்கர் என்று நாம் பேசினாலும் அது 43,200 சதுர அடிதான், ஏக்கரோ 43,560. நோட்டில் ஏக்கராக மாற்றி எழுதினால் ‘ஏறத்தாழ’ என்று அவள் சேர்த்துக்கொள்ளட்டும்.